தூக்குவதும் எழுவதும்

சுகன்யா தன் மாமனாரை ஒரு நாளைக்கு ஆறு முறை தூக்கினாள். காலையில் கட்டிலிலிருந்து சக்கர நாற்காலிக்கு, குளித்து முடித்ததும் நாற்காலியிலிருந்து கட்டிலுக்கு, மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும், சாயங்காலம் வாசல் பக்கம் காற்று வாங்கப் போகும்போதும் திரும்பும்போதும். வயிறு சரியில்லாத நாளில் அது எட்டு, ஒன்பது என்று ஏறும். சிவப்பிரகாசத்துக்கு அறுபத்தொன்பது வயது, எண்பத்திரண்டு கிலோ எடை. அவளுக்கு நாற்பத்தொன்று. ஐம்பது கிலோவை அவள் தாண்டியதே இல்லை.

அவருக்குப் பக்கவாதம் வந்து பதினான்கு மாதங்கள் ஆகியிருந்தன. இடது கையும் இடது காலும் விழுந்துவிட்டன. பேச்சு கொஞ்சம் குழறலோடு தப்பித்தது. ஆனால் தப்பித்த பேச்சை அவர் பயன்படுத்தவில்லை. ஆரணியில் முப்பத்தைந்து வருஷம் பட்டுப்புடவை வியாபாரத்தில் பேசியே பிழைத்தவர், பெங்களூர்க் கடைக்காரர்களிடமும் விஜயவாடாக் கடைக்காரர்களிடமும் அவரவர் மொழியிலேயே சண்டை போட்டு ஜெயித்துவிட்டு வருகிறவர், இப்போது "ம்", "போதும்", "தண்ணி" என்று மூன்று சொற்களில் நாளை ஓட்டிவிடுவார்.

தூக்குவதற்கு யாரும் அவளுக்குச் சொல்லித் தரவில்லை. அவளாகக் கண்டுபிடித்த முறைதான். குனிந்து அவருடைய இரண்டு அக்குளிலும் கையைக் கொடுப்பாள். அவர் நல்ல கையை அவள் கழுத்தில் போட்டுக்கொள்வார். அவள் மூச்சைப் பிடித்து மேலே இழுத்து, இடுப்பைத் திருப்பி, நாற்காலியில் போடுவாள். அந்த நேரத்தில் சிவப்பிரகாசம் கண்ணை இறுக மூடி, முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொள்வார். உடம்பு துவண்டுவிடும். மகனின் மனைவி தன்னை நெஞ்சோடு அணைத்துத் தூக்குகிறாள் என்பதை அவரால் பார்க்க முடியவில்லை. அவளும் சுவரில் தொங்கும் காலண்டரைப் பார்த்தபடிதான் தூக்குவாள். இதைப் பற்றி இருவரும் ஒரு வார்த்தை பேசியது கிடையாது.

மூன்று மாதமாக அவளுக்கு இடுப்பின் இடது பக்கம் ஏதோ இழுத்துக்கொண்டே இருந்தது. காலையில் எழுந்ததும் அரை மணி நேரம் நிமிர முடியாது. வேலை செய்யச் செய்யச் சரியாகிவிடும், சாயங்காலம் மறுபடியும் பிடிக்கும். மருந்துக்கடையில் ஸ்ப்ரே வாங்கி அடித்தாள். பிளாஸ்திரி ஒட்டினாள். மாத்திரை போட்டாள். ஒரு துண்டை இடுப்பில் இறுக்கிச் சுற்றிக்கொண்டு வேலை பார்த்தாள். கணவன் தனசேகரனிடம் சொன்னபோது, "எனக்கும் முதுகு வலிதான் சுகன்யா. வயசாவுதில்ல" என்றான். அவன் பொல்லாதவன் இல்லை. அப்பாவின் வியாபாரம் முழுவதும் அவன் தலையில் விழுந்திருந்தது. வாரத்தில் இரண்டு நாள் சென்னை போய்வருவான். வந்ததும் சட்டையைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்த இடத்திலேயே தூங்கிப்போவான். மகன் சேலத்தில் கல்லூரி விடுதியில் இருந்தான்.

ஐப்பசி மாதத்தில் ஒரு வியாழக்கிழமை. தனசேகரன் விடிகாலை பஸ்ஸில் சென்னைக்குப் போயிருந்தான். வெளியே தூறிக்கொண்டிருந்தது. பத்து மணி வாக்கில் சுகன்யா மாமனாரைக் குளிப்பாட்டி, வேட்டி கட்டிவிட்டு, நாற்காலியைக் கூடத்திலிருந்த கட்டிலோரமாகத் தள்ளி வந்தாள். அக்குளில் கையைக் கொடுத்தாள். தூக்கினாள். திரும்பும்போது அவளுடைய ஈரக்கால் தரையில் அரை அங்குலம்தான் வழுக்கியது. இடுப்பில் சுளீரென்று ஒன்று அறுந்தது போல இருந்தது. "அம்மா" என்று கத்தினாள். கால் இரண்டும் இல்லாமல் போயின. அவளோடு சேர்ந்து சிவப்பிரகாசமும் சரிந்தார். நாற்காலி பின்னால் உருண்டு சுவரில் மோதி நின்றது.

அவள் மல்லாந்து கிடந்தாள். அவர் வலப் பக்கமாக, அவள் காலடியில் கிடந்தார்.

"மாமா, அடிகிடி பட்டுச்சிங்களா?"

"இல்ல. உனுக்கு?"

"அசைய முடிலிங்க."

எழுந்திருக்கப் பார்த்தாள். தலையைத் தூக்கினாலே இடுப்பில் கத்தியைத் திருகியது போல வலித்தது. போன் சமையலறையில் சார்ஜில் இருந்தது. தெருக்கதவு திறந்துதான் இருந்தது, ஆனால் கிரில் கேட்டுக்கு உள்தாழ்ப்பாள் போட்டிருந்தாள். பக்கத்து வீட்டில் பூங்காவனத்தின் இரண்டு பவர்லூமும் சடக்சடக்கென்று ஓடிக்கொண்டிருந்தன. அந்தச் சத்தத்தில் கூரை இடிந்து விழுந்தாலும் வெளியே கேட்காது. அவள் கூப்பிட்டுப் பார்த்தாள். கூப்பிடக்கூட இடுப்பு வேண்டியிருந்தது. அவரும் கூப்பிட்டார். குழறிய குரல் கூடத்தைத் தாண்டவில்லை.

அரை மணி நேரம் போயிருக்கும். தரையின் குளிர் முதுகில் ஏறியது. அழக்கூடாது என்று நினைத்தாள், கண்ணீர் அது பாட்டுக்குக் காதுக்குள் வழிந்தது. வலிக்கு மேல் ஒரு அசதி அவளை மூடியது. இப்படியே படுத்துக் கிடக்கலாம் போலிருந்தது. யாரும் எழுப்ப வேண்டாம். பதினான்கு மாதத்தில் பகலில் அவள் இவ்வளவு நேரம் படுத்ததில்லை.

"நான் போறன்" என்றார் சிவப்பிரகாசம்.

"எங்கங்க?"

"கேட்டுக்கு. நீ அசையாத."

அவளுக்குப் புரியவில்லை. அவர் வலது முழங்கையைத் தரையில் ஊன்றினார். வலது குதிகாலை ஊன்றித் தள்ளினார். உடம்பு ஒரு சாண் நகர்ந்தது. இடது கால் பின்னால் இழுபட்டு வந்தது. மூச்சு வாங்கினார். மறுபடியும் ஊன்றினார். கட்டிலிலிருந்து கேட் வரைக்கும் பன்னிரண்டு பதிமூன்று அடி இருக்கும். இரண்டடி போவதற்குள் வேட்டி அவிழ்ந்து கட்டில் காலில் சிக்கிக்கொண்டது. அவர் நின்று, நல்ல கையால் அதை இழுத்துப் பார்த்தார். வரவில்லை. சுகன்யா கண்ணை மூடிக்கொண்டாள். கொஞ்ச நேரம் ஒரு சத்தமும் இல்லை. பிறகு தோல் தரையில் தேயும் சத்தம் மறுபடியும் கேட்டது. வேட்டியை விட்டுவிட்டு அவர் டவுசரோடு போய்க்கொண்டிருந்தார்.

அவள் கண்ணைத் திறந்து அந்த முதுகைப் பார்த்தாள். நன்றி வந்திருக்க வேண்டும். கோபம்தான் வந்தது. இவரால் முடியும். இத்தனை நாளும் முடிந்திருக்கும். ஒரு காலையாவது ஊன்றியிருந்தால், ஒரு கையாலாவது தள்ளியிருந்தால் இந்த இடுப்பு போயிருக்காது. அந்தக் கோபத்தை என்ன செய்வதென்று தெரியாமல் உதட்டைக் கடித்துக்கொண்டு கிடந்தாள்.

கேட்டை அடைந்ததும் சிவப்பிரகாசம் கையில் அகப்பட்ட எவர்சில்வர் சொம்பை எடுத்துக் கம்பியில் அடித்தார். நாலைந்து முறை அடித்து நிறுத்துவார், மூச்சு வாங்கிக்கொண்டு மறுபடியும் அடிப்பார். தெருவில் போன யாரோ வண்டியை நிறுத்திப் பார்த்துவிட்டு, ஓடிப்போய்ப் பக்கத்து வீட்டில் சொன்னார்கள். தறி நின்றது. பூங்காவனம் ஓடிவந்து கம்பிக்குள் கையை விட்டுத் தாழ்ப்பாளை இழுத்தாள்.

"அய்யய்யோ, இன்னாங்க இது! சுகன்யா எங்கங்க?"

"உள்ள. மொதல்ல அவளப் பாரு" என்றார் அவர்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து, காலை உயர்த்தச் சொல்லி, விரலை அசைக்கச் சொல்லிச் சோதித்தார். எலும்பில் ஒன்றும் இல்லை, நரம்பும் நசுங்கவில்லை என்றார். தசைதான் கிழிந்திருக்கிறது. "மூணு மாசமா வலின்றீங்க. அப்பவே கொஞ்சம் கொஞ்சமா பிய்ஞ்சிகினு இருந்திருக்கு. ஆற விடாம மேல மேல இழுத்திருக்கீங்க." இரண்டு நாள் ஐஸ் ஒத்தடம், அதற்குப் பிறகு வெந்நீர் ஒத்தடம். படுத்தே கிடக்கக்கூடாது, மூன்றாம் நாளிலிருந்து வீட்டுக்குள் மெல்ல நடக்க வேண்டும். ஆறு வாரத்துக்கு எடை தூக்கவே கூடாது. பூங்காவனம், கொசப்பாளையத்தில் சுளுக்கு மிதிக்கிறவர் ஒருவர் இருக்கிறார், ஒரே மிதியில் போய்விடும் என்று சொல்லியிருந்தாள். அதைக் கேட்டதும் டாக்டர் சிரிக்கவில்லை. "கிழிஞ்ச எடத்துல மிதிச்சா இன்னும்தான் கிழியும். நீவறதும் வேணாம்" என்றார்.

சென்னையிலிருந்து பாதியில் திரும்பி வந்த தனசேகரன் கடைப் பக்கமே போகாமல் அப்பாவைத் தானே தூக்கினான். இரண்டாம் நாள் மத்தியானம் தூக்கி உட்கார வைத்துவிட்டு, கட்டில் விளிம்பில் உட்கார்ந்து இரண்டு கையாலும் இடுப்பைப் பிடித்துக்கொண்டான்.

"தெனமும் இப்டியா தூக்கிகினு இருந்த?"

பாயில் படுத்திருந்த சுகன்யா ஐஸ் பையை இடுப்பில் நகர்த்தி வைத்துக்கொண்டாள். செய்யாற்றிலிருந்து அவன் தங்கை கீதா வந்தாள். சமைத்தாள், துவைத்தாள், அண்ணனோடு மாறி மாறி அப்பாவைத் தூக்கினாள், ஐந்து நாள் இருந்தாள். ஐந்தாம் நாள் அவளுக்கு மணிக்கட்டு வீங்கிவிட்டது. பிள்ளைகளுக்குப் பரீட்சை என்று சொல்லிவிட்டுப் போனாள். போகும்போது சுகன்யாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "அண்ணி, எனக்குத் தெரியாதுங்க அண்ணி" என்று மட்டும் சொன்னாள்.

அதற்கு மறுநாள்தான் சத்யப்ரியா வந்தாள். வீடு தேடி வந்து பார்க்கும் பிசியோதெரபிஸ்ட். முப்பது வயதுக்குள் இருக்கும். ஏழு மாதத்துக்கு முன்பு ஒரு முறை வந்தபோது சிவப்பிரகாசம் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டார். அவள் ஒரு தாளில் பயிற்சிகளை எழுதி வைத்துவிட்டுப் போயிருந்தாள். அந்தத் தாள் எங்கே போனதென்று இப்போது யாருக்கும் தெரியாது. அவளும் அதைக் கேட்கவில்லை.

"இவரு எறங்கறதுக்கு யாருங்க தூக்கறது?"

தனசேகரன் தூக்கிக் காட்டினான். அவள் பாதியிலேயே நிறுத்தச் சொன்னாள்.

"இப்டி அக்குள்ல இழுத்தா ஐயாவோட தோளும் எறங்கிடும், உங்க இடுப்பும் போயிடும். அக்காவுக்கு இதான் ஆயிருக்கு." அவள் சிவப்பிரகாசத்தின் பக்கம் திரும்பி, அனுமதி கேட்டுவிட்டு, அவருடைய வலது தொடையைப் பிடித்துப் பார்த்தாள். "இது நல்ல காலு ஐயா. இதுவே வத்திகினு வருது பாருங்க. வேல குடுக்கலன்னா நல்ல தசையும் கரைஞ்சி போயிடும். அக்காவுக்கு வேல அதிகமாயிக் கிழிஞ்சிது. உங்களுக்கு வேலயே இல்லாம வத்துது. அவங்க உங்களத் தூக்கக்கூடாது. நீங்க எந்திரிக்கணும். அவங்க சும்மா புடிச்சிக்கணும், அவ்ளோதான்."

"என்னால ஆவாது" என்றார் சிவப்பிரகாசம்.

"ஆவும்" என்று பாயிலிருந்து குரல் வந்தது.

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். சுகன்யா ஒருக்களித்து, கையை ஊன்றி, வலியில் முகம் சுளித்தபடி எழுந்து உட்கார்ந்துகொண்டிருந்தாள். இருபது வருஷத்தில் மாமனார் பேச்சுக்கு அவள் எதிர்ப்பேச்சு பேசியதில்லை.

"அன்னிக்கி கேட்டு வரைக்கும் போனீங்களே மாமா. ஆவாதுன்னா எப்டிங்க போனீங்க?"

அவர் தரையைப் பார்த்தார். "அன்னிக்கி உன்னக் காப்பாத்தணும்னு போனன்."

"தெனமும் அதத்தாங்க கேக்கறன்."

சிவப்பிரகாசம் பேச ஆரம்பித்தபோது சொற்கள் மெதுவாக, ஒவ்வொன்றாக வந்தன.

"நீ தூக்கறப்போ எனக்கு வெக்கமா இருக்கும்மா. கண்ண மூடிகினா, நான் இங்க இல்லன்னு நெனச்சிக்குவன். ஒடம்ப உங்கிட்ட உட்டுட்டு எங்கனா பூடுவன்."

"எனக்கும் வெக்கமாத்தான் இருந்துது மாமா. நான் எங்க போறது?"

சத்யப்ரியா தன் பையைத் திறந்து எதையோ தேடுவதுபோல் கொஞ்ச நேரம் குனிந்திருந்தாள். பிறகு ஒரு அகலமான துணிப்பட்டையை எடுத்து அவருடைய இடுப்பில் கட்டினாள்.

கட்டில் தாழ்வாக இருப்பதால் எழ முடியாது, நாலு காலுக்கும் கட்டை வைத்து உயர்த்துங்கள் என்றாள். நாற்காலியை எப்போதும் நல்ல பக்கத்தில் போட்டு, சக்கரத்தைப் பூட்ட வேண்டும். பாதம் இரண்டையும் முழங்காலுக்குப் பின்னால் இழுத்து வைக்க வேண்டும். முன்னால் நன்றாகக் குனிய வேண்டும், மூக்கு முட்டிக்கு மேலே வர வேண்டும். "அப்பதான் பின்பக்கம் தானா மேல வரும். கண்ணத் தெறந்து வச்சிக்கணும் ஐயா. எங்க போறோம்னு பாக்கணும்." பிடிக்கிறவர் பட்டையைப் பிடித்து, தன் முழங்காலால் அவருடைய விழுந்த முழங்காலுக்கு அண்டை கொடுத்து நின்றால் போதும்.

அன்று அவர் எழவில்லை. ஐந்து முறை குனிந்தார், ஐந்து முறையும் கட்டிலிலேயே உட்கார்ந்துவிட்டார். ஆறாவது முறை பின்பக்கம் கட்டிலை விட்டு நாலு விரற்கடை தூக்கியது. உடனே தொப்பென்று விழுந்தது. வேர்த்துக் கொட்டியது. "போதும்" என்றார். சத்யப்ரியாவும் போதும் என்றாள்.

பிறகு சுகன்யாவின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். மல்லாந்து படுத்து முட்டியை மடித்து வயிற்றை இறுக்கிப் பத்து எண்ணுவது, இடுப்பை மெல்ல மேலே தூக்கி இறக்குவது, எழுந்திருக்கும்போது ஒரு பக்கமாகப் புரண்டு கையை ஊன்றி எழுவது என்று காட்டினாள். காலையில் கால் மணி, சாயங்காலம் கால் மணி.

"எனக்கு எங்கம்மா நேரம்?" என்றாள் சுகன்யா.

"படுத்த படுக்கையானா நேரம் தானா வந்துடுங்க அக்கா" என்றாள் சத்யப்ரியா. கடிந்து சொல்லவில்லை. அவளும் அன்று ஆறாவது வீட்டுக்கு வந்திருந்தாள். அவள் கண்ணிலும் களைப்பு இருந்தது.

ஆறு வாரமும் நேராகப் போகவில்லை. காலையிலும் சாயங்காலமும் தனசேகரன் பட்டையைப் பிடித்தான். மத்தியானத்துக்குப் பூங்காவனம் தறியை நிறுத்திவிட்டு வந்து பிடித்தாள். சிவப்பிரகாசம் சில நாள் எழுந்தார், சில நாள் முகத்தைத் திருப்பிக்கொண்டு வரமாட்டேன் என்றார். கார்த்திகையில் அவருக்குக் காய்ச்சல் வந்து, கற்றது முழுவதும் போய், மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்தார்கள். நாலாவது வாரம் வலி குறைந்துவிட்டதே என்ற தைரியத்தில் சுகன்யா தண்ணீர் கேனை ஒரே மூச்சில் தூக்கினாள். அதே இடம் மறுபடியும் பிடித்துக்கொண்டது. இன்னும் பத்து நாள் பாயில் கிடந்தாள். அப்போது அவளுக்கு யார்மேலும் கோபம் வரவில்லை. அலுப்புதான் வந்தது. உடம்பு தன் கணக்கில்தான் ஆறும், நம் அவசரத்துக்கு ஆறாது என்பது அந்தப் பத்து நாளில் அவளுக்குப் புரிந்தது.

தை பிறந்தபோது பட்டை அவள் கைக்கு வந்தது. முதல் நாள் இருவருக்குமே பயம். அவள் முழங்காலை அண்டை கொடுத்து நின்றாள். "ஒண்ணு, ரெண்டு, மூணு" என்று அவர்தான் எண்ணினார். குனிந்தார், வலது காலை ஊன்றினார், எழுந்தார். கண் திறந்திருந்தது. அவருடைய முகம் அவள் முகத்துக்கு ஒரு முழத்துக்குள் இருந்தது. இருவரும் நாற்காலியைப் பார்த்தார்கள். நின்றபடியே இரண்டு அடி திருப்பி வைத்து அவர் உட்கார்ந்தார். அவள் கையில் எடையே வரவில்லை என்று சொல்ல முடியாது. ஆனால் முன்பு வந்ததில் கால் பங்குகூட இல்லை.

அதன் பிறகும் அவர் நடந்துவிடவில்லை. இடது கை அப்படியேதான் இருந்தது. அவளுக்கும் மழை நாளில் இடுப்பு இறுகும். ஞாயிற்றுக்கிழமை முழுவதும் அப்பா உங்கள் பொறுப்பு என்று தனசேகரனிடம் சொல்லிவிட்டாள். அவன் மறுக்கவில்லை. ஞாயிறன்று குளிப்பாட்டுவதும் அவனே.

மாசி மாதத்தில் ஒரு மத்தியானம். சாப்பாடு முடிந்து மாமனாரைப் படுக்க வைத்துவிட்டு, சுகன்யா பாயை விரித்துப் பயிற்சி செய்தாள். முட்டியை மடித்து எட்டு வரை எண்ணியது ஞாபகம் இருந்தது. அப்படியே தூங்கிப்போனாள். விழித்தபோது வெயில் வாசலைத் தாண்டிப் போயிருந்தது. பதறிப்போய்ப் பார்த்தாள். சிவப்பிரகாசம் கட்டில் ஓரத்தில், கால் இரண்டையும் கீழே தொங்கவிட்டு, நல்ல கையைப் படுக்கையில் ஊன்றி உட்கார்ந்திருந்தார். தானாகப் புரண்டு தானாக எழுந்து உட்கார்ந்திருக்கிறார்.

"எவ்ளோ நேரங்க இப்டி உக்காந்துகினு இருக்கீங்க? கூப்படக்கூடாதுங்களா?"

"தூங்கிகினு இருந்த."

"பாத்ரூம் போவணுங்களா?"

"போவணும். அவசரமில்ல. நீ பொறுமையா எந்திரி."

அவள் ஒரு பக்கமாகப் புரண்டு, கையை ஊன்றி, மெதுவாக எழுந்து உட்கார்ந்தாள். உடனே நிற்கவில்லை. தூக்கம் இன்னும் உடம்பில் பாரமாகத் தங்கியிருந்தது. அவர் கட்டிலிலும் அவள் பாயிலுமாகக் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தார்கள். பக்கத்து வீட்டில் தறி ஓடிக்கொண்டிருந்தது.